வெள்ளிப் பெயிண்ட் அடித்த ஆயுத பூஜை

இரும்பின் மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்க்கும் சத்தம் எனக்குக் காதில் விழுவதற்கு முன்னால் பல்லில் விழுந்துவிடும். போன மாதம் ஸ்ரீரங்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒர்க்‌ஷாப்பில், என் காரின் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு மெக்கானிக் தம்பி அப்படித் தேய்க்க ஆரம்பித்தபோது, கூசிய பல்லை நாக்கால் அழுத்திக்கொண்டு நின்றேன். "எர்த் வயரெல்லாம் நைஞ்சு போச்சுக்கா, புதுசா கனமா மூணு போட்டுட்டா காலைல மக்கர் பண்ணாது" என்றவன், எர்த் என்றால் என்ன என்று விளக்கவும் தயாரானான். தெரியும்ப்பா, நீ வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். பத்து வயதில் தெரிந்துகொண்ட விஷயம் அது. என்னோடு வந்திருந்த அம்மா, வெயில் தாங்காமல் ஒர்க்‌ஷாப் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நாங்கள் திருவெறும்பூர் பக்கம், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா அங்கே எலக்ட்ரீஷியன். தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர், தொட்டியத்திலிருந்து திருச்சிக்கு டைப்ரைட்டிங் படிக்க வந்த அம்மாவைப் பார்த்து, பேசி, கடைசியில் இரண்டு நண்பர்களை மட்டும் சாட்சியாக வைத்துக் கல்யாணமும் செய்துகொண்டுவிட்டார். தொட்டியத்தில் வாழைத் தோட்டம் வைத்திருந்த அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, அன்றைக்கு மகள் பேச்சை விட்டவர்தான், எனக்குப் பத்து வயதாகும் வரை எடுக்கவில்லை. நான் அவரைப் பார்த்ததே கிடையாது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு தார் வாழைப்பழத்தோடு ரகசியமாக வந்துபோகும் மாமாதான் எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் இருந்த ஒரே போக்குவரத்து. அந்த வருஷம் வந்தபோது மாமா, "அப்பா இப்பல்லாம் உன்னைப் பத்திக் கேக்குறாருக்கா, வந்தா வரட்டும்னு சொல்றாரு" என்றார். அம்மா அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்தாள்.

அப்பா கார் வாங்கியது அதற்குப் பிறகுதான். குவார்ட்டர்ஸில் அப்போது கார் வைத்திருந்தவர்கள் பெரிய அதிகாரிகள். அப்பாவுக்கு ஸ்கூட்டரே போதும். ஆனால் மாமனார் வீட்டு வாசலில் பெண்டாட்டியையும் பிள்ளையையும் காரில் கொண்டுபோய் இறக்கவேண்டும் என்று அவருக்கு ஒரு வீம்பு. வந்த கார் மூன்று கை மாறிய, ஓரங்களில் துருவேறிய, ஒரு பழைய வெள்ளை வண்டி. காலையில் சாவியைத் திருகினால் "டிக் டிக்" என்று மட்டும் சொல்லும். ஹாரன் சளி பிடித்த தொண்டையாகக் கரகரக்கும். லைட்டைப் போட்டால் சம்பந்தமே இல்லாமல் சூடு காட்டும் முள் ஏறும். பேட்டரியை மாற்று என்றார் ஒருவர், மாற்றினார். வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்று என்றார் இன்னொருவர், கழற்றினார். பிறகு ஒரு நாள் அப்பாவே ஒரு துண்டு வயரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்து அழுத்தி, என்னைச் சாவி போடச் சொன்னார். வண்டி உடனே உயிர் பிடித்தது. "பாத்தியா பாப்பா, எர்த்து" என்றார். பேட்டரியிலிருந்து கரண்ட் வயர் வழியாகப் போகிறது, திரும்பி வருவதற்குக் காரின் தகர உடம்புதான் வழி, அந்த உடம்போடு பேட்டரியையும் என்ஜினையும் இணைக்கிற வயர்தான் எர்த், அது அரித்துப்போனால் மற்றது எல்லாம் புதிதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. இவ்வளவுதான் விஷயம், இதற்கு ஒரு மாதம் அலைந்திருக்கிறோம் என்று சிரித்தார்.

சாதாரணமாக மாற்றினால் அப்பாவுக்குப் போதாதே. வெல்டிங் மெஷினுக்குப் போடும் கறுப்பு ரப்பர் கேபிள், என் கட்டைவிரல் கனத்துக்கு, பாலக்கரை கடையில் வெட்டி வாங்கி வந்தார். அதை மூன்று துண்டாக்கி, முனைகளில் "லக்" என்று சொல்லும் செம்பு வளையங்களை மாட்டி, காரின் உடம்பில் மூன்று இடங்களில் போல்ட்டு போட்டு முடுக்குவதாகத் திட்டம். வளையம் உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது, வெறும் இரும்பும் செம்பும் நேராகத் தொட்டால்தான் கரண்ட் போகும் என்பதால், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் உட்கார்ந்து, மூன்று இடத்திலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வெள்ளைப் பெயிண்ட் போய், அடியில் சாம்பல் பெயிண்ட் போய், கடைசியில் இரும்பு பளிச்சென்று வந்தது. எனக்குப் பல் கூச ஆரம்பித்தது அன்றைக்குத்தான். தேய்த்து முடித்து, வளையங்களை அழுத்திப் பூட்டும் கருவி வைத்திருந்த நண்பர் வீட்டுக்குக் கேபிளோடு கிளம்பினார். பானட் திறந்தே இருந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இரும்பு என்று எது கண்ணில் பட்டாலும் அதில் பெயிண்ட் விழும். தொழிற்சாலையில் ஆண்கள் எல்லாரும் மெஷின்களைத் துடைத்துப் பெயிண்ட் அடிப்பார்கள். அதே கையோடு வீட்டுக்கு வந்து கேட், சைக்கிள், தண்ணீர்க் குழாய், துணி காயப்போடும் கம்பி என்று ஒன்றையும் விடமாட்டார்கள். அந்த வருஷம் கார் சக்கரங்களின் நடுவில் இருக்கும் தட்டுகளுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிக்கும் வேலை எனக்கு. டப்பாவும் இரண்டு விரல் அகலப் பிரஷும் கொடுத்திருந்தார்கள். நான்கு சக்கரத்தையும் முடித்த பிறகும் டப்பாவில் கால்வாசி மிச்சம். அம்மா சமையல்கட்டிலிருந்து, "தொறந்த டப்பா காஞ்சு போயிடும் பாப்பா, மிச்சம் வைக்காம எல்லாத்துக்கும் அடிச்சிடு" என்றாள். நான் கேட்டுக்கு அடித்தேன், குழாய்க்கு அடித்தேன். பிறகு திறந்த பானட்டுக்குள் எட்டிப் பார்த்தால், மூன்று இடத்தில் தோல் உரிந்த முழங்காலாக அந்த வட்டங்கள் தெரிந்தன. நாளைக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டப்போகும் வண்டியை அப்பா இப்படிச் சுரண்டிப் போட்டிருக்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வட்டத்துக்கு வெளியே ஒரு சொட்டுகூடப் போகாமல், மூன்றுக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை வேறு இல்லை.

அப்பா திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. வந்ததும் வராததுமாக வளையங்களை வைத்து முடுக்கினார். மங்கிய வெளிச்சத்தில் வெள்ளிப் பெயிண்ட்டுக்கும் தேய்த்த இரும்புக்கும் என்ன வித்தியாசம் தெரியும். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் வேறு தடவினார், ஈரம் இறங்கக் கூடாதாம். சாவியைப் பாதி திருகும்போதே வண்டி எடுத்துக்கொண்டது. போல்ட்டின் மரை வழியாகக் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அது அப்போதைக்குப் போதும். நான் பெயிண்ட் அடித்ததைச் சொல்லவில்லை. மறைக்க நினைத்து அல்ல, அவரே பார்த்துப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

மறுநாள் பூஜை முடித்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, காரில் ஸ்ரீரங்கம் போனோம். அப்பா டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு தடவை நிறுத்திக் கிளப்பும்போதும் "பாதி சாவிதான், பாத்தியா" என்றார். அம்மா முன்சீட்டில். காவிரிப் பாலத்தில் ஏறியதும் அவள் கண்ணாடியை இறக்கி, வளையல் போட்ட கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்தாள். "தொட்டியத்தத் தாண்டிதாங்க இந்தத் தண்ணி வருது" என்றாள். கார்த்திகைக்குப் போயிடலாம் என்றார் அப்பா. அந்தக் கையை நான் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இப்போதும் அம்மா என்றால் எனக்கு முதலில் வருவது அந்தக் கைதான்.

மழைக்காலம் வந்தது. நாள் கணக்கில் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஆறு மணி இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கதவைத் தட்டினார். அவர்கள் வீட்டுப் போனில் மாமா. தாத்தாவுக்கு ராத்திரியிலிருந்து மூச்சு சரியில்லை, பேச்சு இருக்கிறது, "புள்ளைய வரச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மா அந்த வீட்டுப் போனிலேயே, "கார்ல வரோம்னு சொல்லுடா, ஒன்றரை மணி நேரத்துல வந்துடுவேன்னு சொல்லு" என்றாள். ஓடி வந்து புடவை மாற்றி, என்னை இழுத்துப்போட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்பா சாவியைத் திருகினார். "டிக்" என்றது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்பா பேட்டரியைப் பார்த்தார். செல்ஃப் மோட்டாரைக் கட்டையால் தட்டினார். வயர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, "எர்த்தப் பாருங்களேன்" என்றார். "எர்த்து நான் போட்டதுங்க, அது போகாது" என்றார் அப்பா. அதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அவர் கையால் சுரண்டி, அவர் கையால் முடுக்கிய இடம். நான்கு பேர் சேர்ந்து தெருவில் தள்ளினார்கள். சேற்றில் வழுக்கிக்கொண்டு இரண்டு தெரு போனது, ஒரு தடவை இருமியது, நின்றுவிட்டது. இதோ எடுத்துவிடும், இதோ எடுத்துவிடும் என்று ஒன்றே கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் அம்மா முன்சீட்டை விட்டு இறங்கவில்லை, இறங்கினால் வண்டி கோபித்துக்கொள்ளும் என்பதைப் போல மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளே கதவைத் திறந்து, "பஸ்ஸுல போயிடலாம் வாங்க" என்றாள்.

பஸ் பிடித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து முசிறி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து, தொட்டியத்தில் இறங்கி நடந்தோம். வாழைத் தோட்டத்தை ஒட்டிய அந்தத் தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நடையை நிறுத்தவில்லை. உள்ளே போய்த் தாத்தாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமாதான் அழுகைக்கு நடுவில் அதைச் சொன்னார், சொல்லியிருக்க வேண்டாம். "கார்ல வர்றாங்கன்னு சொன்னோம்க்கா. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலைப் பாத்தாரு. அந்தா வர்றா, அந்தா வர்றான்னாரு. உசுரு போயி அரை மணி நேரம்தான் ஆவுது." அப்பா வாசற்படிக்கு வெளியேயே நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டுக்குள் அவரை அன்றைக்குக் கூப்பிட ஆள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த மறுநாள், அப்பா பானட்டைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன். வேறு எல்லாவற்றையும் பார்த்து முடித்து, வேண்டாவெறுப்பாக எர்த் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். மரையெல்லாம் துரு. வளையத்தைத் தூக்கினால், அடியில் வெள்ளிப் பெயிண்ட் ஒரு வட்டமாக, கலையாமல் இருந்தது. அப்பா அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சமையல்கட்டில் அவர் குரல் கேட்டது. "எர்த்துதான் செல்வி. பெயிண்ட்டைச் சுரண்டாம அது மேலயே முடுக்கிட்டேன். என் தப்பு." கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி கேட்டது.

அன்றைக்கு நான் உள்ளே ஓடிப்போய் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அப்பா மூன்று இடத்தையும் மறுபடி தேய்த்து முடுக்கினார். வண்டி அதற்குப் பிறகு ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. ஆனால் அம்மா அதில் ஏறவே இல்லை. சண்டை போடவில்லை, குத்திக் காட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். "நீங்க பாப்பாவக் கூட்டிட்டுப் போங்க, நான் பஸ்ஸுல வரேன்" என்பாள். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, தாத்தாவின் வருஷத் திவசத்துக்குக்கூட நானும் அப்பாவும் காரில் போய், பஸ் ஸ்டாண்டில் அவள் வந்து இறங்கும்வரை காத்திருப்போம். காலி முன்சீட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டி ஓட்டி அலுத்துப்போய், அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அப்பா அதை உப்பிலியபுரத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். பிறகு அவர் கார் வாங்கவே இல்லை, நான் சம்பாதித்து வாங்கிக்கொடுக்கிறேன் என்றபோதும் ஸ்கூட்டர் போதும் என்றுவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில், அம்மா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், அப்பா என்னிடம் சம்பந்தம் இல்லாமல் சொன்னார்: "உங்கம்மா மத்த எல்லாத்தையும் விட்டுட்டா பாப்பா. அது ஒண்ணு மட்டும் அவளால என்னை மன்னிக்க முடியல. நியாயம்தான்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஏம்ப்பா சொல்லல" என்றேன். "நீ சின்னப் புள்ள" என்றார். எனக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த வாரத்துக்குள் அப்பா போய்விட்டார், பிறகு யாருக்காகச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையே இல்லை. இடித்துவிட்டு முள் மண்டிக் கிடக்கிறது. காரை விற்ற பிறகு ஒரே ஒரு தடவை சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தேன், யாரோ பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பாலத்தில் போகும்போது கை நீட்டுகிற அம்மாவும் இல்லை. என் காரில் ஏறுவாள், ஆனால் எப்போதும் பின்சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு.

ஒர்க்‌ஷாப்பில் அந்தத் தம்பி தேய்த்து முடித்து, புது வயரின் வளையத்தை எடுத்தான். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். பானட்டுக்குள் குனிந்து, அந்தப் பளபளப்பான வட்டத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது இரும்புதானேப்பா, பெயிண்ட் இல்லையே" என்று கேட்டாள். இரும்புதாம்மா என்று அவன் சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது வழியில் ஓரமாக நிறுத்தினேன். "உனக்குத் தெரியுமாம்மா" என்றேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. "ஜன்னல் வழியாப் பாத்தேனேடி. ஸ்டூல் போட்டு ஏறி, நாக்கைக் கடிச்சிக்கிட்டு அவ்ளோ அழகா அடிச்சிட்டிருந்த. மிச்சம் வைக்காத, எல்லாத்துக்கும் அடின்னு சொன்னதே நான்தானே. அவரு வந்து பெயிண்ட்டுன்னு சொன்ன உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னா நீதான்னு வந்துடுமே, உனக்குத் தெரியாமயே இருக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். அந்த சீட்டைப் பாத்தாலே எங்கப்பா வாசலைப் பாத்துட்டே படுத்திருந்தது கண்ணு முன்னால வரும். நான் பண்ணினதுக்கு நான் எப்படிடி அதுல போய் உக்காருவேன்" என்றாள். கோபமே இல்லையா, அப்பா மேலே, என்று கேட்டேன். "அவரு மேல எதுக்குடி கோவம்" என்றாள், நான் என்னவோ புரியாத பாஷையில் பேசிவிட்டதைப் போல.

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. சாவியைத் திருகினேன், பாதியிலேயே எடுத்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போன பிறகு அம்மா பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, மெதுவாகக் கேட்டாள்: "உங்கப்பா அதைப் பத்தி உங்கிட்ட எப்பவாவது ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா" என்றேன். "ஒண்ணும் சொல்லல."